இடது கையில் மாமன் பேர்

என் மாமன் பேரை என் கையில் எழுதியது நான்தான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பச்சை குத்தியவள் மேல் எனக்குக் கோபமில்லை, அது அவள் பிழைப்பு. கோபம் என் அம்மா மேல். அதைவிட, கையை நீட்டி உட்கார்ந்துகொண்டு, மார்க் வாங்கப் போகிறவள் மாதிரி குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தாளே, அந்தப் பதினாலு வயசுக் கழுதை மேல்.

தருமபுரி தனி ஜில்லாவாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் ஏரியூர்ப் பக்கம். கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற மேட்டுக்காடு. மாமன் என்றால் அம்மாவின் ஒரே தம்பி. என்னைவிட எட்டு வயது மூத்தவன். பத்தாவது வரை படித்துவிட்டு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்திருந்தான். நேரில் அவனுக்கு 'ங்க' போட்டுத்தான் பேசினேன். எழுதும்போது அந்த மரியாதை எதற்கு?

வேலை கிடைத்ததும் அவனுக்குப் பெண் கொடுக்க நாலு பக்கமும் ஆட்கள் வந்தார்கள். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்களில் முறைப்பெண்ணின் கையில் மாமன் பேரைப் பச்சை குத்திவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் அவளை வேறு யாரும் கேட்க மாட்டார்கள். நிச்சயம் முடிந்த பிறகுதான் குத்துவது வழக்கம். அம்மாவோ முன்னாடியே குத்திவிடலாம் என்றாள். குத்திவிட்டால் தம்பி எங்கே போய்விடுவான் என்ற நினைப்பு. என்னைக் கட்டிப்போட்டால் அவன் கட்டுண்டு கிடப்பானா? அவன் கையில் என் பேரை யார் குத்தினார்கள்?

பச்சை குத்துகிறவள் மாதம் ஒருதரம் கூடையோடு ஊருக்குள் வருவாள். அவள் சொல்லிவிட்டுப் போனபடி அம்மா மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் துணியில் சுருட்டித் திரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டு எரித்தாள். மேலே கவிழ்த்த சட்டியில் படிந்த கரியைச் சுரண்டி ஒரு கொட்டாங்கச்சியில் சேர்த்து வைத்தாள். என் கல்யாணத்துக்கு அவள் செய்த ஏற்பாடு அது ஒன்றுதான்.

வந்தவள் கரியில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மூன்று ஊசிகளைச் சேர்த்து நூலால் கட்டினாள். பிறகு கையை விரித்துவிட்டாள்.

"பேருன்னா எழுதிக் குடுக்கணும் ஆத்தா. நான் எழுத்தக் கண்டேனா? கோடு போற வழியில ஊசி போவும், அவ்ளோதான்."

எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மா என்னைப் பார்த்தாள்.

"எழுதுடி."

"நானா? அவரு பேர நான் சொல்லவே கூடாதுன்னியே?"

"வாயால சொல்லக் கூடாது. நாளைக்கு எவனாச்சும் வூட்டுக்காரன் பேரு என்னான்னு கேட்டா கையத்தானே காட்டணும்? எழுது. பெருசா எழுது."

விளக்குமாற்றுக் குச்சியைக் கரியில் தொட்டு எழுதினேன். எனக்கு நேராகத் தெரிகிற மாதிரி எழுதியதால் எதிரில் நிற்பவர்களுக்கு அது தலைகீழ். எங்கள் எருமையின் பேரை எழுதி வைத்திருந்தாலும் அந்த இடத்தில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அது அன்றைக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை! அவள் என் கையை மடியில் வைத்துக் குத்த ஆரம்பித்தாள். இரண்டாவது எழுத்துக்கே அலறினேன். அம்மா என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். குத்துகிறவள் கசிந்த ரத்தத்தைத் துடைத்துத் துடைத்துக் கடைசி எழுத்து வரை முடித்து, மேலே மஞ்சளை அப்பினாள்.

தினமும் மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவ வேண்டும், பொருக்கு உதிர்கிற வரைக்கும் கருவாடும் கத்தரிக்காயும் ஆகாது, சொறியக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள், ஒன்பதாவது சேரப் பென்னாகரத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன்.

"பேரு குத்தியாச்சு. இனி உனக்கு எதுக்குடி பள்ளிக்கூடம்?"

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. எழுதியதை அழிக்கப் புறப்பட்டேன். பக்கத்து வீட்டில் கருவாடு கேட்டு வாங்கி, சுட்டுத் தின்றேன். கத்தரிக்காயைப் பச்சையாகவே கடித்தேன். மஞ்சளை மாட்டுத் தொட்டியில் கழுவிவிட்டுப் பொருக்கை நகத்தால் பிய்த்தேன். கை வீங்கிச் சீழ் கட்டியது. அம்மா கண்டுபிடித்து முதுகில் நாலு வைத்தாள். வைக்கட்டும். இந்தப் பேர் அழுகி ஒழிந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பாழாய்ப்போன பச்சை, ஒரு புள்ளிகூட உதிரவில்லை. வீக்கம் வடிந்தபோது அச்சடித்த மாதிரி அப்படியே நின்றது.

ஒரு நாள் மாமன் வந்தான். அம்மா என் கையைப் பிடித்து அவன் முன்னால் நீட்டினாள். அவன் கழுத்தைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"அடேங்கப்பா, எழுத்து நல்லா இருக்குதே!" என்று சிரித்தான். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

எட்டு மாதத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கிணறும் பம்புசெட்டுமாக நிலம் தருகிற வீட்டில் பெண் எடுத்தான். அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் சீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பினாள். எனக்கு முழங்கைக்குக் கீழே இறங்குகிற ஜாக்கெட் தைத்துப் போட்டாள். வெட்கப்பட வேண்டியவன் மணையில் உட்கார்ந்திருந்தான். மூடிக்கொண்டு நின்றவள் நான்.

அதன்பிறகு என்னைப் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். முதலில் வந்தவர்கள் காப்பி டம்ளரை வாங்கும்போதே பார்த்துவிட்டார்கள், பேசாமல் போனார்கள். இரண்டாவது வந்த பெரியவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒருத்தர் எழுதுன சிலேட்டுல இன்னொருத்தர் எப்படிங்க எழுதறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் லேசாகச் சிரித்தார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

நாலைந்து வருஷம் போனது. எழுபதுகள் பிறந்துவிட்டன. மாமன் வீட்டில் குழந்தை இல்லை. ஆடி மாதம் பிறந்த சமயம், ஒரு மத்தியானம் அவன் வந்தான். இத்தனை வருஷம் கழித்து அம்மாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்னா பெரிய யோசன அக்கா? என் பேரப் போட்டுக்கிட்டு இருக்கிறவள வேற எவன் கட்டுவான்? ரெண்டாந்தாரம்னாலும் நான்தானே வரணும்? ஆவணில தட்டு மாத்திக்கலாம்."

நான் அடுப்படியில்தான் இருந்தேன். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமி இப்பத்தான் கண்ணத் தொறந்துது" என்றாள்.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். அம்மா தலை முழுகிக்கொண்டிருந்தபோது நான் கரையோரம் நடந்தேன். அக்கரையிலிருந்து பரிசலில் வந்த கன்னடக்காரி ஒருத்தி புளியமரத்தடியில் ஊசி, மையோடு உட்கார்ந்திருந்தாள். கையை அவள் மடியில் வைத்தேன்.

"இதும் மேல ஒரு தேளு குத்துங்க. பெருசா."

"பேரு மேல சேளா?" என்றாள். அவள் பாஷையில் தேளுக்குச் சேளு. "யாரு பேரும்மா?"

"யாரோடதும் இல்லீங்க."

அவள் ஊசியைக் கையில் எடுத்தாள். "பழசு மறையணும்னா ஆழமா குத்தணும். கைய இழுக்கக் கூடாது." நான் இழுக்கவில்லை, கத்தவும் இல்லை. முதல் எழுத்தின் மேல் கொடுக்கு வந்தது, கடைசி எழுத்தைக் கால்கள் மூடின. நடுவில் இருந்தவை உடம்புக்குள் போய்விட்டன. அம்மா ஈரப் புடவையோடு தேடி வந்து பார்த்துவிட்டு, "அடிப் பாவி, குடியக் கெடுத்துட்டியே!" என்று ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். திரும்பும் வழியெல்லாம் கடைகளில் மீன் வறுக்கிற வாசம். நாக்கில் எச்சில் ஊறியது. கருவாடு ஆகாதென்றால் மீனும் ஆகாதுதானே, நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்தத் தேளை நான் வளர்த்த மாதிரி எவளும் பிள்ளையைக்கூட வளர்த்திருக்க மாட்டாள். விடிந்ததும் மஞ்சள், படுக்கும்போது விளக்கெண்ணெய். கருவாடு இல்லை, கத்தரிக்காய் இல்லை. அரிப்பு உயிரை எடுத்தபோதும் நகம் படவில்லை, வேப்பிலையால் தடவிக்கொண்டேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தம்பிக்குச் சொல்லி அனுப்பவும் அவளுக்குத் துணிவு இல்லை. பொருக்கு உதிர்ந்தபோது தேள் கறுத்துப் பளபளவென்று இருந்தது.

ஆவணி முதல் வாரம் அவன் தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்தான். சொம்பில் தண்ணீர் எடுத்து, ஜாக்கெட் கையை நன்றாக மேலே ஏற்றிவிட்டு, இரண்டு கையாலும் நீட்டினேன். அவன் பழைய மாதிரியே கழுத்தைத் திருப்பினான். முகம் மாறிப்போனது.

"எங்கடி என் பேரு?"

"அங்கியேதாங்க மாமா இருக்குது. தேளுக்கு அடியில. வேணும்னா கைய வுட்டுத் தேடிப் பாருங்க."

சொம்பு என் கையிலேயே இருந்தது. அவன் வாங்கவில்லை. நானே குடித்தேன்.