பெரிய தெருவில் முப்பது

பதினேழு வயதில் எனக்கு எல்.எல்.ஆர். கிடைத்தது. பதினெட்டு ஆகாதவர்கள் கியர் இல்லாத மொபெட் மட்டும்தான் ஓட்டலாம். அதற்கும் பெற்றவர் சம்மதம் வேண்டும். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், அப்பா கைநாட்டு வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான் என்பதை அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. காலையில் ஒரே பஸ். அது போய்ச் சேரும்போது முதல் வகுப்பு பாதி ஓடியிருக்கும். வருகை குறைந்தால் தேர்வெழுத முடியாது. லைசென்ஸ் இல்லாதவர்களின் வண்டியை வாசலுக்குள் விடவும் மாட்டார்கள். பள்ளி திறப்பதற்குள் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ ஒட்டிய பழைய மொபெட்டில் அப்பாவை வயலுக்குக் கொண்டுபோய் விட்டபடிதான் பழகினேன். வயல் இருந்த திருக்காட்டுப்பள்ளி சாலைக்குப் போகப் பெரிய தெரு வழியாகத்தான் போகவேண்டும். மிராசுதார் வீடுகள் உள்ள தெரு. தெருமுனை வந்ததும் அப்பா என் தோளைத் தட்டுவார். இறங்குவார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நடந்து வருவார். மறுமுனையில் வாய்க்கால் மதகடியில் நான் காத்திருப்பேன். மறுபடி ஏறிக்கொள்வார்.

அவர் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டுமாம். இப்போது யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. அந்தத் தெருச் சுவர்களிலேயே சமத்துவம் என்று கட்சிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். கூலிப் போராட்டத்தின்போது அப்பா அதே தெருவில் கொடி பிடித்துப் போய்ச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். பிறகு ஏன் இறங்குகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“அது கூட்டத்தோட போனது பாப்பா. தனியா வண்டில உக்காந்துக்கிட்டுப் போறது வேற.”

வண்டிக் கண்ணாடியில் அவர் நடந்து வருவது தெரியும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. மற்ற இடங்களிலெல்லாம் இருபத்தைந்தைத் தாண்டாத நான் அந்தத் தெருவில் மட்டும் ஆக்ஸிலரேட்டரைக் கடைசிவரை முறுக்கினேன். நடுவில் நான் படித்த பள்ளிக்கூடம் இருந்தது. அதன் எதிரில் ‘வேகம் 30’ என்று பலகை. அது எனக்குச் சொன்னதல்ல என்பதுபோல் போய்க்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகிறேன் என்று யாரோ புகார் செய்திருக்க வேண்டும். ஒரு காலையில் மோட்டார் வாகன ஆய்வாளர் அந்தப் பலகையின் கீழே நின்று கையைக் காட்டினார். எல்.எல்.ஆரை வாங்கிப் படித்தார். ஐம்பதை நெருங்கி வந்தேன் என்றார். சம்மதம் கொடுத்தவர் எங்கே என்றும் கேட்டார். அப்போதுதான் அப்பா நடந்து வந்து சேர்ந்தார்.

“பொண்ணு இவ்வளவு வேகமா ஓட்டுதே, பின்னாடி உக்கார்ற நீங்க சொல்லக்கூடாதா?”

“இந்தத் தெருவுல நான் உக்கார்றது இல்லிங்க.”

“ஏன்?”

அப்பா கக்கத்துத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஆய்வாளர் அந்தத் துண்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, பழகுகிறவர்கள் பின்னால் ஆள் ஏற்றுவதே குற்றம், தெரியுமா என்றார். தெரியாது. படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்ததாம். எனக்குப் படிக்கத் தெரியும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அதைப் படிக்கவில்லை.

“அப்பாவோட வர்றப்ப நீ சட்டப்படி தனியா ஓட்டுனது இந்த ஒரு தெருவுலதான். அதையும் இப்படி ஓட்டியிருக்க. உள்ள சின்னப் புள்ளைங்க படிக்குதும்மா.”

அந்தப் பிள்ளைகளை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அபராதம் எழுதினார். எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டார். ஓட்டுநர் தேர்வு ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்த மாதம் முழுக்க பஸ்ஸில் போய் முதல் வகுப்பு முடியும்வரை வராந்தாவில் நின்றேன். இன்னும் நான்கு நாள் போயிருந்தால் அந்த வருடமே போயிருக்கும் என்று வருகைப் பதிவைப் பார்த்த ஆசிரியை சொன்னார். வீட்டில் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் ஏன் அங்கே வேகமாகப் போனேன் என்று கேட்கவும் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

லைசென்ஸ் வந்த மறுநாள் அவரைச் சட்டப்படி ஏற்றிக்கொண்டேன். தெருமுனையில் தோளைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தேன். மறுபடி தட்டினார்.

“இனிமே எறங்குனா நானும் எறங்கி வண்டியத் தள்ளிக்கிட்டு வருவேம்ப்பா” என்றேன்.

அதற்குப் பிறகு தட்டவில்லை. இருபதுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தோம். பின்னால் சரசரவென்று சத்தம். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். துண்டு தோளில்தான் கிடந்தது. ஆனால் இரண்டு கால்களையும் தொங்கவிட்டு, செருப்பின் நுனி தாரில் உரசும்படி உட்கார்ந்திருந்தார். இறங்கவும் இல்லை, முழுதாக ஏறி உட்காரவும் இல்லை. மதகடி வந்ததும்தான் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இப்போதும் அப்படித்தான். வருடத்துக்கு இரண்டு ஜோடி செருப்பு, நுனியில் தேய்ந்துபோகிறது.