இரண்டு நட்டும் இரண்டு ஸ்பேனரும்

கல்யாணமான புதிதில் நாங்கள் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவரும் என் அண்ணனும் கூட்டாக ஒரு பஸ் வைத்திருந்தார்கள். கிழக்கேகோட்டையில் புறப்பட்டு, நெடுமங்காடு வழியாகக் கல்லாறு வரை போய்த் திரும்பும். சர்க்கார் பஸ் வருவதற்கு முந்தைய காலம் அது. கணவர் ஓட்டுவார். அண்ணன் டிக்கெட் கொடுப்பார், ரிப்பேர் வேலையும் பார்ப்பார். மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு.

ஒரு மழைக்காலத்தில் வண்டி நெடுமங்காட்டைத் தாண்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. பின்சக்கர அச்சோடு ஸ்பிரிங் பட்டைகளை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டில் ஒரு நட்டு கழன்று எங்கேயோ விழுந்திருந்தது. பாக்குக் கூடைகளோடு வந்த பிரயாணிகள் மழையில் இறங்கி நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை தொடங்கியது.

"நீரு முறுக்கின லட்சணம் அது மச்சான்" என்றார் கணவர்.

"நான் முறுக்கினது செரியாத்தான் முறுக்கினேன். நீரு குழி பாத்து ஓட்டணும்லா!"

மறுநாள் அண்ணன் புது நட்டைப் போட்டு, ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கி, பலத்தையெல்லாம் கொடுத்து முறுக்கினார். போல்ட்டே முறிந்தது. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சாப்பாட்டு நேரத்தில், "ரசம் வேணுமான்னு உன் மாப்பிள்ளைகிட்ட கேளு" என்பார் அண்ணன். மாப்பிள்ளை ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பஸ் நின்றால் எங்கள் அடுப்பும் நிற்கும். ஆகவே நானே சாலையில் இருந்த இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"கழலாத நட்டு வேணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எந்த எடத்துக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தார். ஸ்பிரிங் வாஷர் என்பது ஓரிடத்தில் வெட்டி லேசாகத் திருகிவிட்ட எஃகு வளையம்; நட்டுக்கு அடியில் கிடந்து அதை எப்போதும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். செக் நட்டு மெல்லியது. பெரிய நட்டோடு ஜோடியாகப் போட வேண்டியது. இன்னொன்றின் தலையில் கோட்டை மதில் போல வெட்டுகள் இருந்தன. போல்ட்டில் துளையிட்டு, அந்த வெட்டு வழியாக ஒரு பின்னைச் செருகி இரண்டு முனையையும் மடக்கிவிட வேண்டும். "ஸ்டியரிங்ல இதுதான் கெடக்கும். எளகினாலும் கழண்டு விழாது" என்றார். எங்கள் போல்ட்டில் துளை கிடையாது. ஆகவே முதல் இரண்டையும், முறிந்ததற்குப் பதிலாக ஒரு போல்ட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணனுக்கு ஸ்பிரிங் வாஷர் பிடித்தது. கணவருக்கு ஜோடி நட்டு. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"எடது பக்கம் அண்ணன் போடட்டும், வலது பக்கம் நீங்க போடுங்க. எது நிக்குன்னு பாப்போம்" என்றேன்.

இருவரும் ஒத்துக்கொண்டார்கள், தனித்தனியாக என்னிடம் சொல்லி. பஸ்ஸின் பெயர்ப்பலகை எழுதிய வெள்ளைப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. போல்ட் முனையிலிருந்து நட்டுகளின் மேல் இறங்கும்படி ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்தேன். நட்டு திரும்பினால் கோடு உடைந்து தெரியும்.

சில நாள் கழித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இடது பக்கக் கோடு விலகிப் போயிருந்தது. அந்த ரோட்டின் குலுக்கலுக்கு வாஷர் நசுங்கித் தட்டையாகிவிட்டது. கணவர் முகத்தில் வந்த சந்தோஷம், வலது பக்கம் பார்த்ததும் போய்விட்டது. அங்கே இரண்டு நட்டும் சேர்ந்தே திரும்பியிருந்தன.

"எப்படி முறுக்கினீங்க?" என்றேன்.

"கீழ சின்னதை முறுக்கினேன். அதுக்கு மேல பெரிசை முறுக்கினேன்."

"மேலே முறுக்கும்போது கீழே உள்ளதை ஆரு பிடிச்சா?"

ஒற்றை ஸ்பேனரோடு தனியாகப் படுத்துச் செய்த வேலை. மேல் நட்டு கீழ் நட்டை நெருக்கி அமுக்கவே இல்லை. கீழ் நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை அதன்மேல் அழுத்தி இறுக்கினால்தான் ஒன்று போல்ட்டின் திருகு மரையை ஒரு பக்கம் தள்ளும், மற்றது எதிர்ப்பக்கம் தள்ளும். அப்போது இடையில் ஆட்டத்துக்கு இடமே இருக்காது.

அண்ணன் பஸ் கண்ணாடியைத் துடைப்பது போல நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். கணவரும் அவர் பக்கத்தில் போய்ப் படுத்தார். வெளியே இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு. முறுக்கும் மாப்ளே. ஐயோ, என் கை!"

"கையை ஏன் மச்சான் அங்க கொண்டு வைக்கீரு?"

மேலிருந்து ஒரு கட்டி சேறு உதிர்ந்து கணவரின் வாயில் விழுந்தது. அவர் துப்பிய சத்தமும் அண்ணன் சிரித்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அப்புறம் இருவரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

இரண்டு பக்கமும் அப்படியே போட்டார்கள். மழை முடியும்வரை கோடுகள் நேராகவே நின்றன. ஸ்பிரிங் வாஷர்களை அண்ணன் வீணாக்கவில்லை, மட்கார்டுக்குப் போட்டுக்கொண்டார். அங்கே அவை நன்றாகவே நின்றன. பிற்காலத்தில், யுத்தம் முடிந்த சமயம், உள்ளே நார் வளையம் பதித்த நட்டு ஒன்றைக் கணவர் கொண்டுவந்து காட்டினார். அந்த வளையமே மரையைக் கவ்விப் பிடிக்குமாம். குழந்தை பொம்மையைப் பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மழை விட்டதும் ஒரு நாள் என்னையும் கல்லாற்றுக்கு அழைத்துப் போனார்கள். முன்சீட்டு எனக்கு. தூக்குவாளியில் புளிச்சாதம், வாழையிலையில் பொதிந்த அவியல். பிரயாணிகளை இறக்கிவிட்டு, திரும்பும் நேரம் வரை ஆற்றங்கரையில் இருந்தோம். தண்ணீர் அத்தனை குளிர்ச்சி, காலை வைத்ததும் கூவிவிட்டேன். சாப்பிட்டபின் அண்ணன் பாறையில் துண்டை விரித்துத் தூங்கிப்போனார். வெயில் அவர் முகத்துக்கு வந்தது. கணவர் எழுந்துபோய் இரண்டு பெரிய தேக்கிலைகளைப் பறித்து வந்து, அவர் விழிக்காமல் முகத்துக்கு மேல் நிழலாக வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.