ராசம்மாள் வாசலில் நின்ற ஐஸ் பெட்டி

கலியன் பெண்சாதிக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு நாழி போட்டு எடுத்து, மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தார்கள். பேரைக் கேட்டதும் எமன் சீ என்று போய்விடுவானாம். எமன் போனது வாஸ்தவம்தான். ஆனால் போகும்போது தன் வேலையை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனான். முப்பத்துநாலு வயசில் மண்ணாங்கட்டி ஓட்டுவது ஐஸ் பெட்டி வண்டி. மரக்காணம் தொட்டு பொம்மையார்பாளையம் வரைக்கும் எந்த வீட்டில் உயிர் போனாலும், கண்ணாடி மூடி போட்ட அந்தப் பெட்டியை இறக்கி, கரண்டு கொடுத்து, பிணத்தைப் படுக்கவைப்பது அவன்தான்.

அந்தத் தொழிலுக்குச் சில முறை உண்டு. வாசலில் நின்று யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. வீட்டுக்காரர்களாக வரும்வரை வண்டியோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கிளம்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக்கூடாது. டீக்கடையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன்கூட, “ஏம்பா, என்னைப் பாத்து சிரிக்காத, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது” என்று நகர்ந்து உட்காருவான். அப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பது?

அம்சவல்லிதான் தானாக வந்து பேசினாள். ராசம்மாள் மகள். தாயும் மகளும் உப்பளத்தில் கூலி வேலை. ஒருநாள் அவன் உப்பளத்தோரம் வண்டியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“யோவ், ராத்திரி போன்ல உன் படம் பாத்தேன்யா.”

“என் படமா?”

“எமன் லீவு போட்டுட்டு மனுசனா வர்றான். சோறு துன்றான், வேர்க்குது, ஒரு பொண்ணு மேல ஆசப்படுறான். எல்லாம் வந்துடுச்சு, பஸ் ஸ்டாப்புல நிக்க மட்டும் வரல. எல்லார் வீட்டுக்கும் டைமுக்குப் போனவன் இல்ல? அவ அரைமணி லேட்டா வந்தா ஐயாவுக்குத் தாங்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் கத்துக்கிட்டான். நீ நிப்பியா?”

மறுநாளிலிருந்து நின்றான். சாவு இல்லாத நாளெல்லாம் உப்பு லாரி கிளம்புகிற நேரத்துக்கு ரோட்டோரம் நின்றான். அவள் காலில் ஒட்டிய உப்பை உதறிக்கொண்டே வருவாள், நாலு வார்த்தை கேலி பேசுவாள், போவாள். எட்டு மாசம் அப்படிப் போயிற்று.

ராசம்மாள் காதுக்கு விஷயம் போனதும் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டாள். “உங்கப்பன அந்தப் பொட்டியில படுக்கவெச்சவன்டி அவன். அந்தக் கையால கட்டுற தாலி நெலைக்குமா? கேக்க உன் தாய்மாமனும் இல்ல, இஷ்டத்துக்கு ஆடுற.” தாய்மாமன் பாலகுரு உயிரோடு பெரிய முதலியார்சாவடியில்தான் இருந்தார். தன் மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் ஆள்வசம் கொடுத்தனுப்பினார் என்று ஏழு வருஷமாக அண்ணனோடு ராசம்மாளுக்குப் பேச்சில்லை.

அம்சவல்லி மண்ணாங்கட்டியிடம் கணக்காகச் சொல்லிவிட்டாள். “வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வா. நானும் லோடு முடிச்சிட்டு வந்துடுவேன். நீயே அம்மாகிட்ட கேளு. சரின்னா கல்யாணம். முடியாதுன்னா இத்தோட விட்டுடணும். அம்மாவ அழவெச்சிட்டு நான் வரமாட்டேன். இன்னொண்ணு, வண்டி வேணாம். நடந்து வா.”

வெள்ளிக்கிழமை பொம்மையார்பாளையத்தில் ஒரு காரியம் முடிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக வந்தான். மணி இரண்டரை. தெருமுனையில் வண்டியை விட்டுவிட்டு நடக்கலாம் என்று நினைத்திருந்தான். முனையெல்லாம் குடிதண்ணிக் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் வேறு மணல் டிராக்டர் ஹாரன் அடிக்கிறது. உள்ளே போகாமல் முடியவில்லை. அந்தச் சந்தில் வண்டி ஒதுங்க இடம் இருந்தது ஒரே வாசலில். ராசம்மாள் வாசல்.

தார்ப்பாயை இழுத்துப் பெட்டியை மூடினான். மூடினால் தெரியாது என்று அவன் நினைப்பு. வண்டியை ஊருக்கே தெரியும் என்பது புத்தியில் படவில்லை. முகம் கழுவி, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டைக்கு மாறினான். கதவு சாத்தியிருந்தது. கூப்பிடுகிற பழக்கம் இல்லை. கையைக் கட்டி, தலையைக் குனிந்து, கேட்கவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எதிர்வீட்டுப் பாப்பாத்தி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ராசம்மாளுக்குக் காலையிலிருந்து காய்ச்சல் என்பது அவளுக்குத் தெரியும். சாத்தின கதவு, வெள்ளை வேட்டி, ஐஸ் பெட்டி. இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் அவள் பேத்திக்குக் காதுகுத்து. எழவு வீட்டில் கால் வைத்தால் தீட்டாகிவிடும். அதனால் கிட்டே போய்ப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்வழியாக ஓடி ஷேர் ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவிலிருந்தபடியே பாலகுருவுக்குப் போன் போட்டு அழுதாள். பாலகுரு மகன் சித்தார்த்தன் ஏதோ கல்யாண ஆல்பத்திலிருந்து அத்தை முகத்தை வெட்டி, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஸ்டேட்டஸ் வைத்தான். உறவுமுறை அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

மண்ணாங்கட்டிக்கு ஒன்றும் தெரியாது. மூன்றரை மணிக்கு ஒரு பைக் வந்து விழாத குறையாக நின்றது. பாலகுரு. ஒரு கையில் மாலை, கக்கத்தில் பிறந்த வீட்டுக் கோடி, அரக்குக் கலர் புடவை.

“அம்மாடி ராசாத்தி! அண்ணங்கிட்ட ஒரு வார்த்த பேசாம பூட்டியேம்மா!”

நிலைப்படியில் தலையை மோதிக்கொண்டு அழுதார். மண்ணாங்கட்டி சாத்தின கதவைப் பார்த்தான். உள்ளே பிணமா? தான் இத்தனை நேரம் நின்றது பிணத்துக்கு முன்னாலா? பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினதால்தான் போனாளா? ஆயிரம் வீட்டு அழுகையைப் பார்த்தும் கலங்காதவனுக்கு அன்றைக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அம்சவல்லி முகத்தில் எப்படி விழிப்பான்?

கதவு திறந்தது.

“எவன்டா அது, காய்ச்சக்காரிய தூங்கவிடாம எழவு கூட்டுறது?”

தலைவிரி கோலமாக ராசம்மாள் நின்றாள். பாலகுரு ‘ஐயோ’ என்று இரண்டடி பின்னால் போய் மண்ணாங்கட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மெல்ல வந்து தங்கச்சியின் கையைத் தொட்டார். சுட்டது. காய்ச்சல்தான்.

“இருக்கிறியாம்மா?”

“இருக்காம? ஏழு வருசமா வராத மனுசன், மாலையோட வர்றியே, யாருக்கு?” என்றவள் வண்டியைப் பார்த்தாள். மண்ணாங்கட்டியைப் பார்த்தாள். “டேய்! பொட்டிய எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்க? பொண்ணு கேக்க வந்தியா, பொணம் கேக்க வந்தியா?”

அவன் வாய்க்குள் உருட்டி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அழுகையை அடக்கமுடியாமல் நின்றான்.

“நீ ஏன்டா அழுவுற? உனக்கு இது தெனப்படி வேலதானே?”

“உங்களத் தூக்கி வெக்க என்னால ஆவாதுங்க. வேற ஆளத்தான் கூப்புட்டிருக்கணும்.”

ராசம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். புருஷன் செத்த அன்றைக்கு இவன் முகம் கல்லாட்டம் இருந்தது அவளுக்கு ஞாபகம். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். பாலகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொய்யா சாவுச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்மா. இவன் புண்ணியத்துல உனக்கு இன்னும் முப்பது வருசம்” என்றார்.

“முப்பது வருசம் உப்பு வாரவா?” என்று சொல்லி, அண்ணன் கக்கத்திலிருந்த கோடியைப் பிடுங்கிப் பிரித்தாள். “கலர் நல்லாத்தான் எடுத்திருக்க. செத்தப்புறம் கட்டி எனக்கென்ன தெரியப்போவுது?” சொல்லிக்கொண்டே பழைய புடவைமேல் சுற்றிக்கொண்டாள்.

அதற்குள் சந்து முழுக்க ஆட்டோ. ஒப்பாரியோடு இறங்கினவர்கள் அரக்குப் புடவையில் நின்ற ராசம்மாளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அவள் வாசலிலிருந்தே சத்தம் போட்டாள். “மூடுங்கடி வாய! வந்தது வந்தீங்க, சாப்ட்டுட்டுப் போங்க. தாய்மாமனும் வந்துட்டாரு. எம் மவளுக்கு இன்னிக்கே பேசி முடிச்சிடுறேன்.” பிறகு மண்ணாங்கட்டி பக்கம் திரும்பினாள். “மாப்பிள்ள, அந்தச் சனியன எடுத்துட்டுப் போய் அந்தாண்ட நிறுத்திட்டு வாங்க. வரும்போது ரெண்டு கோழி புடிச்சிட்டு வாங்க.”

டேய் என்றவள் ‘வாங்க’ என்றது அவன் காதில் ஏறவே கொஞ்ச நேரமாயிற்று.

வண்டியை ரிவர்ஸ் எடுத்து உப்பளத்து ரோட்டில் திருப்பினான். எதிரே வரப்பு மேல் அம்சவல்லி ஓடி வந்துகொண்டிருந்தாள். செருப்பு இல்லை, தலைத்துணி இல்லை, கையில் போன். ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டாள். வண்டியைக் கண்டதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் இறங்கி ஓடினான். “இருக்காங்க அம்சா! உங்கம்மா இருக்காங்க! என்னத் திட்டினாங்க, சிரிச்சாங்க, கோழி வாங்கியாரச் சொன்னாங்க.”

அவள் நம்பவில்லை. அங்கேயே போன் போட்டாள். மறுமுனையில் ராசம்மாள், “எங்கடி இருக்க? மசாலா அரைக்க ஆளில்ல” என்று கத்தினது அவனுக்கே கேட்டது. அம்சவல்லி எழுந்தாள். அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“வண்டி வேணாம்னு சொன்னனா இல்லியா?”

“சொன்ன.”

இன்னொன்று வைத்தாள். அப்புறம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள். இரண்டு பேரும் கோழி வாங்க நடந்தே போனார்கள்.