பச்சை உடுப்புக்காரியைப் பிடித்த ஏட்டு

இன்று காலை தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் இருந்தேன். கையில் போன், ஒரு காதில் இயர்போன். ஆறு சூப்பர் ஹீரோக்கள் சேர்ந்து ஊரைக் காப்பாற்றும் அந்த அனிமேஷன் தொடர், மூன்றாவது சீசன், கடைசி எபிசோட்.

ஆறு பேரில் ஒருவர் துரோகி. யாரென்று இந்த நம் ரசிகர் குரூப்பில் மூன்று வாரமாக அடித்துக்கொண்டோமே, அதேதான்.

பக்கத்து சீட்டில், தலை நிறைய எண்ணெயும் தோளில் துண்டுமாக அருவிக்குப் போகிற ஓர் அண்ணாச்சி. ரொம்ப நேரமாக என் போனையே பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏம்மா, அந்தப் பச்ச உடுப்புக்காரி சரியில்லையே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அண்ணாச்சி, அவதான் எல்லாருக்கும் காயத்த ஆத்துதவ.”

“அப்பத்தான கிட்டப் போக வசதி.”

அவர் ரிட்டயர்டு ஏட்டாம். மெயினருவியில் பல வருஷம் பந்தோபஸ்து பார்த்தவராம்.

“குளிக்க வந்தவன் தண்ணியப் பாப்பான். செயின அறுக்க வந்தவன் அடுத்தவன் கழுத்தப் பாப்பான். இங்கன மத்தவங்க எல்லாரும் எதிரியப் பாக்காவ. இவ மட்டும் தலைவன் கழுத்துல கெடக்க கல்லையே பாக்கா, பாரு.”

பார்த்தேன். அடுத்த நிமிடமே பச்சை உடுப்புக்காரி அந்தச் சக்திக் கல்லைப் பறித்துக்கொண்டு பறந்துவிட்டாள்.

அண்ணாச்சி ஆச்சரியப்படவே இல்லை. “கூட்டத்துல செயின் பத்திரம்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கடைசி எபிசோட் இன்னும் பார்க்காதவர்கள் என்னைத் திட்டாதீர்கள். திட்ட வேண்டியவர் இப்போது அருவியில் நிற்கிறார், நேரில் போய்த் திட்டிக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் அங்கே தண்ணீரை மட்டும் பாருங்கள், யார் கழுத்தையும் பார்த்துவிடாதீர்கள்.