நாத்துக்குப் போன சாஃப்ட் தண்ணி

என் பைக் சாவியை ஒருத்தர் உருவி இடுப்பில் செருகிக்கொண்டது இந்தத் தொழிலில் ஒரே ஒரு தடவைதான் நடந்தது. உத்தனப்பள்ளிப் பக்கம், மஞ்சுளா வீட்டு வாசலில். வீட்டுக்கு வீடு வாட்டர் சாஃப்ட்னர் மாட்டும் வேலைக்குப் புதுசாக வருகிறவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனி பாய்லர் ஹவுஸில் தண்ணீர் பிளான்ட் ஓட்டி ரிட்டையர் ஆனவன். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சுளா வீட்டுக்குப் பின்னால் ஷேட் நெட் போட்டு, குழித்தட்டில் தக்காளி நாத்து வளர்த்து விற்கிறவர். கணவர் நாகராஜ் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அவர்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கீசர் காயிலைக் கழற்றினால் சுண்ணாம்பு ஓடு ஓடாகக் கொட்டும். அதனால் வீட்டு லைனுக்கு மட்டும் சாஃப்ட்னர் மாட்டினேன். நாத்துக்குப் போகிற லைனை அதற்கு முன்னாலேயே பிரித்துவிட்டேன்.

"இது சுண்ணாம்பை எடுத்துட்டு அந்த எடத்துல சோடியத்தை விடும்மா. துணிக்கு, கீசருக்கு நல்லது. செடிக்கு ஆகாது" என்று மஞ்சுளாவிடம் சொன்னேன். நாகராஜ் அன்றைக்கு ஷிஃப்டில் இருந்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். மஞ்சுளாவிடமிருந்து போன். "அண்ணா, நாத்து எலயெல்லாம் கருகுது. உங்க மெஷின் வந்தப்புறம்தான் இப்படி. உடனே வாங்க."

போய் வண்டியை நிறுத்தியதும் சாவி போய்விட்டது. உருவியவர் முனிராஜ், நாத்து ஏற்ற டெம்போவோடு வந்திருந்த ராயக்கோட்டை விவசாயி.

"நெலத்த ஓட்டி, சொட்டுநீர்ப் பைப் எல்லாம் இழுத்து வச்சிருக்கேன். எனக்கு நாத்துக்கு வழி சொல்லு, அப்புறம் சாவிய வாங்கிக்க."

"நாத்து நானாய்யா போட்டேன்? குடுய்யா சாவியை!" நானும் கத்தினேன்.

மஞ்சுளா குறுக்கே வந்து நின்றார். "சண்டை அப்புறம் போடுங்கண்ணா. இந்தத் தட்டெல்லாம் போச்சுன்னா இனிமே எவனும் எங்கிட்ட நாத்து கேட்டு வரமாட்டான். பேரு போனா நான் என்னத்த வச்சு தொழில் பண்றது?"

ஷேட் நெட்டுக்குள் போய்ப் பார்த்தேன். தட்டுத் தட்டாக இலை ஓரம் தீய்ந்திருந்தது. டெஸ்ட் கிட்டை எடுத்தேன். சொட்டு மருந்து விட்டால் கடினத் தண்ணீர் சிவக்கும், சாஃப்ட் தண்ணீர் நீலமாகும். போர் தண்ணீர் சிவந்தது. நாத்துக் குழாய்த் தண்ணீரும் சிவந்திருக்க வேண்டும். பளிச்சென்று நீலமாக நின்றது.

பைப்பைத் தடவிக்கொண்டே போனேன். மோட்டார் ஷெட் சுவருக்குப் பின்னால் புது எல்போ வளைவு ஒன்று. போர் பக்கத்து வால்வை மூடிவிட்டு, சாஃப்ட்னரிலிருந்து வெளியே வரும் லைனை நாத்து லைனோடு சேர்த்து ஒட்டியிருந்தது.

"இதை ஒட்டினது யாரு?"

"எங்க வீட்ல யாரும் கை வெக்கலண்ணா, சாமி சத்தியமா" என்றார் மஞ்சுளா.

"அப்ப நீதான் ஒட்டிட்டுப் போயிருக்க!" முனிராஜ் என் சட்டை வரைக்கும் வந்துவிட்டார். எங்கள் பின்னாலேயே வந்திருந்த நாகராஜ் அந்த எல்போவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது, ஃபிட்டர் வேலை. எனக்குப் புரிந்துபோயிற்று. நானே சொல்லியிருக்கலாம். அந்த ஆள் வாயிலிருந்தே வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவர விடுங்க. நான்தான் ஒட்டுனேன்" என்றார் நாகராஜ்.

"நாத்துத் தட்டு கழுவிக் கழுவி அவ கையெல்லாம் வெடிச்சு ரத்தம் வருது. சோத்துல கை வெக்க முடியாம ஸ்பூன்ல சாப்பிடறா. வீட்டுத் தண்ணில கழுவுனா எரியலன்னு சொன்னா. தட்டு கழுவற குழாயும் நாத்து லைன்லதான் இருக்குது. அதான் சேத்து விட்டேன். மனுசனுக்கு நல்ல தண்ணி, செடிக்கும் நல்லதுன்னுதான நெனச்சேன்."

மஞ்சுளா தன் கையைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"அழ நேரமில்லம்மா. போர் தண்ணியை ஊத்தி உப்பை அடியில கழுவி விடணும். பிழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றேன். த்ரீ ஃபேஸ் கரண்ட் போவதற்குள் டேங்க் ரொம்பியாக வேண்டும். நாகராஜ் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, தான் ஒட்டிய பைப்பைத் தானே ரம்பம் போட்டு அறுத்து, போர் வால்வைத் திறந்தார். முனிராஜ் சாவியை என் கையில் வைத்துவிட்டு, பூவாளியை எடுத்துக்கொண்டார். தட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் வடிய வடிய நாலு பேரும் ஊற்றினோம். டெம்போ காலியாகத்தான் திரும்பியது.

ஓரத்துத் தட்டுகள் பிழைக்கவில்லை. மற்றதில் நடுக்குருத்து பச்சையாக வந்தபோது மஞ்சுளா போனில் கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. முனிராஜ் மறுபடி டெம்போ கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்.

அப்புறம் தட்டு கழுவ மட்டும் வீட்டு லைனிலிருந்து தனிக் குழாய் இழுத்துக் கொடுத்தேன். நாகராஜ் கூலி கொடுக்க வந்தார். மஞ்சுளா உள்ளேயிருந்து, "அண்ணா, காசை வாங்கிக்கங்க. அந்த ஆள் கையில பைப்பை மட்டும் குடுக்காதீங்க" என்றார். நாகராஜே சிரித்துவிட்டார்.

இப்போதெல்லாம் புது வீட்டுக்குப் போனால் டெஸ்ட் கிட்டைப் பிரிப்பதற்கு முன்னால் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தத் தண்ணியால் யாருக்கு என்ன வலி என்று கேட்கிறேன். பைப் எங்கே போக வேண்டும் என்பது அதற்கப்புறம்தான்.