அந்தப் பக்கத்துச் சுவர்

இதில் ஒரு வரி பொய் என்றாலும், அந்தக் குளத்துத் தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு குடித்துக் காட்டுகிறேன். தண்ணீரின் லட்சணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, இது எவ்வளவு பெரிய சத்தியம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

2002 ஆகஸ்ட். திருச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நீச்சல் ரிலே அணியின் நாலாவது இடம் எனக்கா, பிராங்கிளினுக்கா என்று திங்கட்கிழமை தேர்வு. வேகத்தில் நான்தான். ஆனால் சுவரை நெருங்கியதும் தண்ணீருக்குள்ளேயே குட்டிக்கரணம் போட்டு, காலால் சுவரை உதைத்துத் திரும்ப வேண்டும். அந்த 'டர்ன்' எனக்கு வராது. எருமை சேற்றில் புரள்வதுபோல இருக்கிறது என்பது பயிற்சியாளர் ஆண்டனிராஜ் சாரின் கருத்து. எருமைகள்தான் வருத்தப்பட வேண்டும்.

இந்த நேரம் பார்த்துப் பெரியப்பா மகள் ஐரினுக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம்.

"தங்குற எடத்துல தண்ணி இருக்காடா?" என்றார் சார்.

"லாட்ஜுல பன்னெண்டு மீட்டர்ல ஒரு தொட்டி இருக்காம் சார்."

"குட்டைக் குளம்னா நல்லதுதான். ஆயிரம் மீட்டர் போடு. எண்பத்து நாலு நீளம். எண்பத்து மூணு டர்ன் கெடைக்கும். அதுக்கப்புறமும் வரலேன்னா எடம் பிராங்கிளினுக்கு."

சனிக்கிழமை கல்யாணம் முடிந்தது. லாட்ஜ் புல்வெளியில் இரவு பிரியாணி. ஞாயிறு விடிகாலை 5.15க்குக் குளத்தடிக்குப் போனேன். இன்னும் இருட்டு. காவல்காரர் வீரன் என்னையும் என் ஜட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியிலயா தம்பி எறங்கப் போறீக?"

"ஏண்ணே?"

"ராத்திரி ஒங்க சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் இதுலதான் கை கழுவுனாக. குழாயில கூட்டமாம். ஒம்பது மணிக்குத் தண்ணியத் தொறந்து விட்ருவோம்."

"அதுக்குள்ள முடிச்சிருவேன்."

"ஒங்க வயிறு, ஒங்க பாடு" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம். அதில் சீரகச் சம்பா. ஊறி, வெடித்து, புழுப்போல. ஒரு பிரிஞ்சி இலை படகாக மிதந்தது. யாரோ கழற்றிப் போட்ட மல்லிகைச் சரம் பழுப்பேறிக் கிடந்தது. அடியில் பாசி. ஏணி இருந்த பக்கம் ஒரு டியூப்லைட். எதிர்ப் பக்கம் இருட்டு.

பிராங்கிளின் பல்லைக் காட்டிச் சிரிப்பது நினைவுக்கு வந்தது. இறங்கினேன்.

மணி 5.20.

ஒரு நீளத்துக்கு எட்டுக் கை வீச்சு. நீச்சல்காரன் சுவரைப் பார்ப்பதில்லை, கையை எண்ணுவான். எட்டு என்றதும் கரணம். கால் சுவரில் படும். உதை. ஏணிப் பக்கச் சுவர் வழுக்கியது, ஆனால் கெட்டியாக இருந்தது. எதிர்ச் சுவர் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. பாசி தடிப்பு என்று நினைத்தேன். மூக்கில் ஒரு பருக்கை ஏறியது. யார் கையிலிருந்து வந்த பருக்கை என்று யோசிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

5.25. இருபத்தொன்றாவது நீளம். எதிர்ச் சுவர் ஏழிலேயே வந்துவிட்டது.

எனக்குப் பெருமை. டர்ன் நன்றாக வருகிறது, உதை பலமாகிவிட்டது, அதனால் கை குறைகிறது. அப்படித்தான் எந்த நீச்சல்காரனும் நினைப்பான்.

5.28. ஆறு.

கால் பட்ட இடம் உள்ளே அமுங்கியது. புளித்த இட்லி மாவில் மிதித்ததுபோல. குளிர்ந்த மாவு. ஆனாலும் உதைத்தேன். நான் உதைத்த வேகத்தைவிட அதிக வேகத்தில் திரும்பி வந்தேன்.

5.32. ஐந்து.

பன்னிரண்டு மீட்டரில் ஐந்து கை எப்படி... எண்ணிக்கை தவறியிருக்கும். இன்னும் முப்பத்தொன்பது நீளம் பாக்கி. விட்டால் இடம் போய்விடும். நீச்சல் கண்ணாடிக்கு வெளியே எண்ணெயும் கலங்கலும். ஒரு முழம்கூடத் தெரியவில்லை.

5.34. நாலு.

ப்ளக்... ப்ளக்... தண்ணீருக்குள் ஒரு சத்தம். சேற்றிலிருந்து காலை எடுத்து வைப்பதுபோல.

5.36. அறுபத்தொன்றாவது நீளம்.

மூன்று.

கரணம் போட்டேன். பாதங்கள் பட்டன.

சுவர் இல்லை.

உள்ளங்கைகள்.

சொதசொதவென்று... இரண்டு...

என் கால் விரல்களின்மேல் அவற்றின் விரல்கள் மெதுவாக மடங்கின.

பிறகு... தள்ளிவிட்டன.

ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. வாய் நிறையத் தண்ணீர். புல்லில் விழுந்து, முந்தின நாள் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன். குளத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிரிஞ்சி இலை மட்டும் ஏணியை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை தேர்வில் நான் டர்ன் போடவில்லை. சுவரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒவ்வொரு தடவையும். "சுவருக்கு என்னடா காய்ச்சலா, தொட்டுப் பாக்குற?" என்று கத்தினார் சார். இடம் பிராங்கிளினுக்குப் போனது. காரணத்தை நான் சொல்லவில்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு நான் பார்த்ததைச் சொன்னால்தானே காரணம் புரியும்.

வீரன் தண்ணீரைத் திறந்துவிட்டார். அரை மணியில் குளம் காலி. ஏணிப் பக்கச் சுவரில், நான் உதைத்த இடத்தில், பாசி தேய்ந்து வெள்ளை ஓடு தெரிந்தது.

எதிர்ச் சுவருக்கு நான் முப்பத்தொரு தடவை போயிருக்கிறேன்.

அங்கே பாசி முழுசாக இருந்தது. பச்சை வெல்வெட்டுபோல. ஒரு கீறல்கூட இல்லை. அப்படியென்றால் முதல் உதைகூட... சுவர்மேல் விழவில்லை.

"தம்பி, தரையில நடந்தீகளா?" என்றார் வீரன்.

எதிர்ச் சுவரோரத்தில், தரைப் பாசியில், இரண்டு பாதத் தடங்கள். விரல்கள் ஏணியைப் பார்த்தபடி. ஓரடி முன்னால் இன்னொரு ஜோடி. அதற்கு முன்னால் இன்னொன்று. வரிசையாக, அவசரமே இல்லாமல்.

அறுபத்தொன்றாவது நீளத்தில் நான் நின்றுவிட்டேன்.

தடங்கள் நிற்கவில்லை. கடைசி ஜோடி, நான் ஏறி வந்த ஏணிக்கு நேர் கீழே இருந்தது.