ஃபார்வர்ட் இல்லாத சீசன்

1. மூன்று கிளிப்

ஒரு புதன்கிழமை மதியம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் வைக்கப் போகிறேன், எங்கள் கிளப் பிசியோதெரபிஸ்ட் போன் செய்தான்.

"மேடம், சிஜோ பிராக்டிஸ்ல விழுந்துட்டான். கால் முட்டு திரும்பிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். அந்த இன்சூரன்ஸ் கார்டை ஒண்ணு வாட்ஸப்புல அனுப்புங்க."

டப்பாவை மூடி வைத்தேன். இன்சூரன்ஸ் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது, நான் புதுப்பிக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பழவங்காடியில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த கால்பந்து கிளப்பில் பத்தொன்பது வருஷம் அக்கவுண்டன்டாக இருந்தேன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டுகிற வழக்கமும் கிடையாது. ஆனால் ஒரு கோல்கீப்பர் சீசனுக்கு எத்தனை ஜோடி கையுறை கிழிப்பான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் மேஜையில் மூன்று கிளிப் இருக்கும். 'இன்று', 'இந்த வாரம்', 'பிறகு'. எந்த பில் எந்தக் கிளிப்பில் என்பதற்கு என் அப்பாவிடம் கற்ற கணக்கு ஒன்று உண்டு. அவருக்கு ஆரியசாலையில் பருப்பு மொத்த வியாபாரம். "கடை வாசல்ல வந்து நிக்கிறவனுக்கு முதல்ல குடுத்தனுப்பு. அவன் வாய்தான் நம்ம பேரைக் கெடுக்கும்" என்பார். கிளப்பிலும் அதையே செய்தேன். மெஸ் சமையல்காரர் மாடியேறி வந்து எதிரில் நிற்பார். கிரவுண்டு வாடகைக்காரர் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று போன் பண்ணுவார். பஸ்காரர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வண்டி எடுக்க மாட்டேன் என்பார். பிரீமியம் நோட்டீஸ் யாரையும் திட்டாது. அது 'பிறகு' கிளிப்பில் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. முழங்காலில் லிகமென்ட் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். சிஜோ எங்கள் லெஃப்ட் பேக். அம்மா மீன் விற்று வளர்த்த ஒரே பிள்ளை. அடுத்த வருஷம் ஒரு அரசுத் துறை டீமின் ட்ரையலுக்குக் காத்திருந்தான். தேர்வானால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தர வேலை. அந்த ட்ரையலோடு அவனுக்கு வயசு வரம்பும் முடிகிறது. சீக்கிரம் ஆபரேஷன் நடந்தால்தான் கால் அதற்குள் தேறும்.

2. கோச்சின் தாள்

அருளப்பன் கோச் பூவாருக்கு அந்தப் பக்கம், மாநில எல்லை தாண்டிய தமிழ்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். ஒவ்வொரு சீசனுக்கும் டீம் பிளானை ஒரே தாளில் எழுதித் தருவார். யார் இருக்கிறார், யார் போகிறார், யார் வருகிறார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நான் தொகை போடுவேன். சேர்மன் கொடுக்கிற மொத்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கிடைக்காது. அதற்குள் டீம் செலவுக்குக் கோச்சின் கையெழுத்தே போதும், சம்பளச் செக்குக்குத்தான் சேர்மன் கையெழுத்து.

அந்த வருஷத் தாளில் புதிதாக வருவது ஒரே ஒருவன், கோல் அடிக்க ஒரு ஃபார்வர்ட். மூன்று மாதம் சேர்மன் பின்னால் அலைந்து வாங்கிய தொகை. பையனைப் பதிவு செய்யும் கெடுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

கோச்சிடம் போய் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். என் வளையல்களை வைத்துப் பணம் புரட்டுகிறேன் என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "அத வச்சா பாதி முட்டுதான் மேடம் சரியாவும். மீதி பாதிய என்ன செய்ய?"

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் வந்தது. "விளையாடாதீங்க கோச்" என்றேன்.

"வெளையாட்டு இல்ல. அந்தத் தாள எடுங்க."

எடுத்தேன். ஃபார்வர்டின் பெயரை அடித்தார். பக்கத்தில் 'சிஜோ, ஆபரேஷன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கோல் யாரு அடிப்பா?" என்று கேட்டேன். ஆட்டத்தில் எனக்கே தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

"உள்ள பிள்ளைகள வச்சு அடிப்போம். சேர்மன்கிட்ட கோச் மனச மாத்திட்டாருன்னு மட்டும் ஒரு லெட்டர் அடிங்க. இன்சூரன்ஸ் காரியம் யாருகிட்டயும் பறையாண்டாம். சிஜோகிட்டயும்தான்."

லெட்டர் அடித்தேன். ஃபார்வர்டுக்கு வைத்த பணத்தில் சிஜோவுக்கு ஆபரேஷன் நடந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் ஒரு சீசன் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

3. மீட்டிங்

ஃபார்வர்ட் இல்லாத டீம் எப்படி ஆடும் என்று புரிந்துகொள்ள ஆஃப்சைடு தெரிய வேண்டியதில்லை. கேலரியில் கோச்சைப் பெயர் சொல்லிக் கூவிக் கேலி செய்தார்கள். சீசன் முடிந்ததும் சேர்மன் மீட்டிங் கூட்டினார். அவர் சாலை மார்க்கெட்டில் ஹார்ட்வேர் மொத்த வியாபாரி, எங்களைப் போல மலையாள ஊரில் குடியேறிய தமிழ்க் குடும்பம்தான்.

"மூணு மாசம் என் உயிர வாங்கி ஒரு ஃபார்வர்ட் கேட்டீரு. குடுத்தேன். பின்ன வேண்டாம்னு எழுதிக் குடுத்தீரு. இப்ப நான் சாலைல எப்படித் தலை நிமிந்து நடக்க?"

கோச் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"மேடம், எல்லாருக்கும் சாயா சொல்லுங்க" என்றார் கோச் அவசரமாக.

"சாயா அப்புறம்" என்றேன். ஒன்பது நாள், பிரீமியம், கிளிப், லெட்டர், ஒன்று விடாமல் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

சேர்மன் கோச்சின் பழைய தாளைக் கேட்டு வாங்கி, அடித்திருந்த பெயரைப் பார்த்தார். பிறகு, "இத நீ அன்னைக்கே பறஞ்சிருக்கணும் மாலதி. விட்டுட்டுப் போறது ஈஸி, கேட்டியா. இருந்து சரி பண்ணு" என்றார். கோச் பக்கம் திரும்பியபோது குரல் இறங்கிவிட்டது. "செஞ்சது நல்ல காரியம்தான் கோச். ஆனா கமிட்டி வேற ஆள முடிவு பண்ணியாச்சு. பாயின்ட் டேபிள்ல நம்ம பேரு கடைசில கெடக்கு."

படியிறங்கும்போது கோச் என்னைக் கடிந்துகொண்டார். "சொல்லாண்டாம்னு சொன்னேன்லா?" அதோடு சரி. நான் அன்றே சொல்லியிருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும். அந்த நினைப்பு இன்றும் என்னைச் சுடும்.

4. பூவார் பஸ்

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் 'பிறகு' கிளிப்பைப் புரட்டினேன். நடுவில் ஒரு வவுச்சர். அருளப்பன் கோச்சின் கடைசி இரண்டு மாதச் சம்பளம். அவர் மாடியேறி வந்து நிற்கவில்லை, ஒரு போன் கூடப் பண்ணவில்லை. என் கைதான் அதைப் பழைய வழக்கத்தில் அங்கே மாட்டியிருக்கிறது. இத்தனை பட்டும் புத்தி வரவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உடனே செக் எழுதினேன். சாலைக்கு நடந்தே போய், ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்த சேர்மனிடம் கையெழுத்து வாங்கினேன். தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. கிழக்கேகோட்டையில் பூவார் பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன்.

கடற்கரை மணலில் கோச் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிலோடு நின்றார். எதிரே ஒருவன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான். சிஜோ. வலது முழங்காலில் நீளமாகத் தழும்பு. என்னைக் கண்டதும் ஓடிவந்தான்.

"சேச்சி எங்க இந்தப் பக்கம்?"

"சிஜோ, உன் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் பணம் தரலை" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை.

"அறியும் சேச்சி. மீட்டிங் கழிஞ்சதும் பிசியோ பறஞ்சான்" என்றான். "சாருக்கு நான் எப்படிக் கடன் தீர்க்கன்னு கேட்டேன். ட்ரையல் வரைக்கும் தினமும் ஓட வான்னாரு. வந்துட்டேன்."

கோச்சிடம் கவரை நீட்டினேன். பிரித்துப் பார்த்தவர், "நான் கேக்கலியே மேடம்" என்றார்.

"கேக்கலைன்னுதான் கொண்டுவந்தேன்."

அவர் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "நின்னுக்கிட்டு என்னலே பாக்க? ஓடு" என்று சிஜோவை விரட்டினார்.

அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வாசலில் வந்து நிற்பவனுக்கு எப்படியும் கொடுத்துவிடுவீர்கள், அவன் விடமாட்டான். காலையில் ஆபீசைத் திறந்ததும், வராதவர் யார் என்று முதலில் பாருங்கள். தவறு செய்தால் அன்றே சொல்லிவிடுங்கள். உங்களுக்காக வேறொருவர் திட்டு வாங்கும்படி விடாதீர்கள்.

சிஜோ ட்ரையலில் தேறினான். வேலை உத்தரவைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். கோச்சுக்குக் காட்ட அசலையே எடுத்துக்கொண்டு பூவார் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பதாகக் கீழே எழுதியிருந்தான்.